காணாமல் போன பன்னிரண்டு

டெஸ்பாட்ச் மேனேஜர் குருமூர்த்தியின் பன்னிரண்டு பிராசசர்கள் திருட்டுப் போய்விட்டன. கண்டுபிடித்த பத்தாவது நிமிஷமே போலீசுக்குப் போன் போட்டுவிட்டார் மனிதர்.

சூளகிரி பக்கத்து பிரேக் உதிரிபாகத் தொழிற்சாலை அது. அவருடைய அறைக்கே வந்த சப்-இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரி நோட்டைத் திறந்தார்.

"காணாம போன பொருள் எவ்வளவு பெருசு சார்?"

"பெருசு சிறுசுன்னு இல்லீங்க மேடம். அது பெட்டிக்குள்ளயேதான் இருக்கு."

"அப்புறம் எப்படிங்க திருட்டு?"

குருமூர்த்தி பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு விளக்கினார். கம்பெனிக்கு இருப்பது ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள் மூளையாக இருபத்து நாலு பிராசசர். அதில் மென்பொருளாலேயே தடுப்புப் போட்டு, ஏழு டிபார்ட்மென்ட்டுக்கு ஏழு மெஷின் மாதிரி பிரித்துவிட்டிருக்கிறார்கள். இருபத்து நாலையும் ஏழு பேரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எத்தனை என்பதில்தான் ஆபீசில் மரியாதையே. பிராசசர் என்ன செய்யும் என்பது குருமூர்த்திக்கும் சரியாகத் தெரியாது. பக்கத்து டிபார்ட்மென்ட்டைவிடத் தனக்கு அதிகம் வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். எம்.டி. வரைக்கும் போய்ச் சண்டை போட்டுப் பதினாறு வாங்கினார். இன்று காலை ஒரு விருந்தாளியிடம் பெருமையாகத் திரையைக் காட்டினால், இருந்தது நாலு!

யார் வேலை என்பதில் ரகசியமே இல்லை. சர்வரைக் கவனித்துக்கொள்ளும் முனிவேலின் பெயர் பதிவிலேயே இருந்தது. இரண்டு மாதம் முன்பு, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் எடுத்திருக்கிறான்.

முனிவேல் சுவரோரம் வியர்த்துப்போய் நின்றான். வழக்குப் பதிவானால் ஓசூர் வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அவனைச் சர்வர் ரூம் வாசலில்கூட நிற்கவிடாது. அவனுக்குத் தெரிந்த தொழிலும் அது ஒன்றுதான்.

"எடுத்தியாப்பா?" என்றார் மாதேஸ்வரி.

"எடுத்தேங்க மேடம்."

"யாருக்குக் குடுத்தே?"

"யாருக்கும் குடுக்கலீங்க. சும்மா எடுத்து வெச்சிட்டேன்."

"சும்மாவா!" குருமூர்த்தி மேசையைத் தட்டினார். "டிசைன்ல பிரவீனா மெஷின் ரெண்டு மாசமா பறக்குதாம் மேடம். அந்தப் பொண்ணே கேன்டீன்ல சொல்லிட்டுத் திரியுது. எனக்குப் புரியாதா என்ன?"

"ஐயோ சார், அவங்க எனக்கு அக்கா மாதிரி. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"வாயை மூடு! தினேஷ்குமார், முதல்ல என் பன்னெண்டையும் திருப்பி வைப்பா."

உதவியாளர் தினேஷ்குமார் டெஸ்பாட்ச் மெஷினை அணைத்து, பழையபடி பதினாறைக் கொடுத்து, மறுபடி இயக்கினான். குருமூர்த்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் டீ சொன்னார்.

டீ வந்தது. லாரிக்கான பில்தான் வரவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பில் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாத பெங்களூரு லாரிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. ஸ்டோர்ஸிலிருந்தும் டிசைனிலிருந்தும் மெஷின் நகரவில்லை என்று போன் வந்தது.

"பாத்தீங்களா மேடம், இவன் வேற என்னமோ சூனியம் வெச்சிருக்கான்!"

மாதேஸ்வரி முனிவேல் பக்கம் திரும்பினார். "நீ முழுசா சொல்லுப்பா."

"மேடம், பதினாறு பேரு இருக்கற குடும்பம், பதினாறு சீட்டும் ஒண்ணா கிடைச்சாத்தான் தேன்கனிக்கோட்டை பஸ்ல ஏறுவோம்னு வழியை மறிச்சிட்டு நின்னா, எப்பங்க ஊர் போய்ச் சேரும்? சார் மெஷினும் பதினாறு பிராசசரும் ஒண்ணா காலியாகணும்னு அப்படித்தான் நின்னுட்டிருந்தது. மத்த ஆறையும் ஏற விடல. இவரு வேலைக்கு நாலே ஜாஸ்தி. மூணு தடவை சொன்னேன், மூணு தடவையும் திட்டினாரு. அதான் சொல்லாம எடுத்துட்டேன். ரெண்டு மாசமா எல்லா மெஷினும் பறக்குது, சாரோடதும்தான்."

"ரெண்டு மாசத்துல ஒரு லாரியாவது லேட் ஆச்சா சார்?" என்று குருமூர்த்தியிடம் கேட்டார் மாதேஸ்வரி.

வெளியே ஏழாவது லாரியும் ஹாரன் அடித்தது.

"சரி, புகாரை என்னன்னு எழுதட்டும்?" என்று பேனாவைத் திறந்தார் மாதேஸ்வரி.

"எழுதறதை அப்புறம் பாத்துக்கலாம் மேடம். முதல்ல அந்தப் பன்னெண்டையும் இவனை மறுபடி திருடச் சொல்லுங்க!" என்று கெஞ்சினார் குருமூர்த்தி.