பேரிங் பசை

"உங்க பசையில சத்தே இல்லீங்க டாக்டரம்மா! பணியாரம் கடிச்சதுக்கே பல்லு கையோட வந்திருச்சு."

நாற்காலியில் சாய்ந்தபடியே பாடம் எடுத்தார் கண்ணையா. சிங்காநல்லூரில் பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். இரண்டு மாதம் முன்பு தாடை எலும்பில் இம்ப்ளாண்ட் திருகு பதித்து, அதன் மேல் ஒட்டிய முன்பல் அது.

"அப்புறம் என்னங்க செஞ்சீங்க?" என்று கேட்டாள் டாக்டர் லோகப்பிரியா.

"நானே ஒட்டிப்போட்டேன். மோட்டார்ல பேரிங் ஒட்டற பசை. எமனே வந்து இழுத்தாலும் வராது!"

"அப்ப எதுக்குங்க வந்தீங்க?"

"ஆடுதுங்க."

உதவியாளர் லாஸ்யா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். லோகப்பிரியா பல்லை ஆட்டிப் பார்த்தாள்.

"பல்லுக்கு உள்ள இருக்கற திருகு லூசாயிருச்சுங்க. அதை முடுக்கோணும்னா மேல இருக்கற பல்லைக் கழட்டோணும். அதுக்குத்தான் வேணும்னே லேசான பசை வெச்சேன். உங்க பசைக்கு இப்ப அறுத்துத்தான் எடுக்கோணும்."

கண்ணையாவுக்கு வியர்த்துவிட்டது.

"நாளான்னிக்கு எம்பட மகளுக்குக் கல்யாணமுங்க அம்மணி! வர்றவங்களை முன்பல்லு இல்லாம எப்படிங்க வாங்கன்னு கூப்பிடறது?"

ஒரு மணி நேரம் ஆனது. பல்லை அறுத்தெடுத்து, திருகை முடுக்கி, தற்காலிகமாக ஒரு பல்லை மாட்டிவிட்டாள் லோகப்பிரியா.

"கல்யாணத்துக்கு இது தாங்குமுங்க. முறுக்கு மட்டும் வேண்டாம். பத்து நாள்ல புதுப் பல்லு வந்துரும்."

"எவ்வளவுங்க ஆச்சு?"

"ஒண்ணும் வேண்டாங்க. வாரண்டியில போட்டுக்கறேன்."

"மேடம், வெளியாள் கை பட்டா வாரண்டி இல்லைன்னு கார்டுலயே..." லாஸ்யா இழுத்தாள்.

"தெரியாம செஞ்சதுதானே. விடு."

கண்ணையாவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியில் பல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"இருந்தாலும் இவ்வளவு எளகின மனசு தொழிலுக்கு ஆகாதுங்க. எங்க பட்டறைக்கு வந்து பாருங்க. மோட்டாரைச் சொந்தமா அவுத்துப் பார்த்துட்டு வந்தாங்கன்னா, எத்தனை கெஞ்சினாலும் செரி, வாரண்டி கிடையாதுன்னு அப்படியே திருப்பி அனுப்பிப்போடுவேன்."

"தெரியுங்க" என்றாள் லோகப்பிரியா, கையுறையைக் கழற்றியபடி. "போன மாசம் பொள்ளாச்சியில இருந்து மோட்டாரைத் தூக்கிட்டு வந்த ஒருத்தரைத் திருப்பி அனுப்பினீங்களே, அது எங்கப்பாதானுங்க."