கேர் ஆஃப் ஹுமாயூன்

கதவைத் திறந்த வரலட்சுமி முதலில் பார்த்தது மஹ்பூபாவின் கால்களைத்தான். செருப்பு இல்லை.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸ் வரைக்கும் வெறுங்காலோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள். இந்த வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

"நேத்து அவரைக் கூட்டிகினு போய்ட்டாங்கோ அக்கா. இன்னும் அனுப்பலை."

அவர் என்றால் அவள் வீட்டுக்காரர் ஹுமாயூன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாத மனுஷன்.

கோவையில் குண்டு வெடித்து எட்டு நாள் ஆகியிருந்தது. உள்ளே வரலட்சுமியின் வீட்டுக்காரர் கலியமூர்த்தி ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, லீவு.

எதற்காகப் பிடித்தார்கள் என்று வரலட்சுமி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

வேலப்பன்சாவடியில் ஒரு பொறியியல் கல்லூரியில் அவள் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். அங்கே புதிதாக வந்த இன்டர்நெட்டில், சாயங்காலம் லேப்பைப் பூட்டுவதற்கு முந்தின அரை மணி நேரத்தில் தேடிப் பிடித்த சிநேகிதங்கள் அவளுக்கு உண்டு. பிரேசிலில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், ஜப்பானில் ஒரு நர்ஸ், ஃபின்லாந்தில் மார்யா. மெயிலில் பேசிக்கொள்வார்கள். தபாலில் படக்கார்டு அனுப்பிக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு பைத்தியம். மார்யாவின் பைத்தியம் பாலம், ரயில் நிலையம், துறைமுகம் படம் போட்ட கார்டுகள்.

கலியமூர்த்திக்கு டாங்கி செய்கிற ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸுக்குள் ஒரு வெளிநாட்டுத் தபால்தலை நுழைந்தால் டாங்கியே களவு போய்விடும் என்று நம்புகிறவர். முதல் கார்டு வந்த அன்றே கிழித்துப் போட்டார். இன்னொன்று வந்தால் என் வேலைக்கு நீதான் உலை வைக்கிறாய் என்றார்.

வழி சொன்னவள் மஹ்பூபாதான். வரலட்சுமி பஸ் மாறுகிற இடத்தில் அவள் வீடு. ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். துபாயிலிருந்து எங்கள் அண்ணன் லெட்டர் வருகிறது, அதோடு உன்னுடையதும் வந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

இரண்டு வருஷமாக அப்படித்தான். வரலட்சுமி, கேர் ஆஃப் ஹுமாயூன். சனிக்கிழமைதோறும் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, டீ குடித்து, வந்த கார்டுகளை மஹ்பூபாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு, அங்கேயே பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு வருவாள்.

அந்த டப்பாவைத்தான் போலீஸ் தூக்கிப் போயிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது மார்யாவின் கடைசிக் கார்டு.

பாலம் இரண்டு கிடைத்தது. ரயில் நிலையம் ஒன்று. துறைமுகம் இன்னும் பாக்கி, மார்ச்சுக்குள் முடித்துக் கொடு.

குண்டு வெடிப்பதற்கு முந்தின சனிக்கிழமை அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் வரலட்சுமி அந்தப் பக்கம் போகவில்லை. கலியமூர்த்தி வீட்டில் கிடைத்திருந்தால் போலீஸ் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கும். கிடைத்தது ஹுமாயூன் வீட்டில்.

"வரலட்சுமின்னு ஒரு பொம்பளையே கிடையாதாம். நாங்களா வச்சிகினு எழுதற பேராம்." என்றாள் மஹ்பூபா. "ஒருவாட்டி வந்து, அதுங்கோ என்னுதுன்னு சொல்லிட்டுப் போயிடு அக்கா."

ஸ்டேஷனுக்குப் போக வர ஒன்றரை மணி நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். செருப்பை மாட்டினால் போதும்.

உள்ளே பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது.

"யாரு வந்திருக்கா?" என்றார் கலியமூர்த்தி.

வரலட்சுமிக்கு மஹ்பூபாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க யாருன்னு தெரியலையே. அட்ரஸ் மாறி வந்துட்டீங்க போல."

இரண்டு வருஷத்தில் அவளை நீங்க என்று சொன்னது அதுவே முதல் தடவை.

மஹ்பூபா அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வரலட்சுமிக்குத் தோன்றியது. ரவிக்கைக்குள் கைவிட்டு எதையோ எடுத்தாள். குனிந்து வாசற்படியில் வைத்தாள். படி இறங்கிப் போய்விட்டாள்.

ஒரு போட்டோ.

பொங்கல் லீவில் பூந்தமல்லி ஸ்டூடியோவில் எடுத்தது. உன் சிநேகிதியையும் பார்க்க வேண்டும் என்று மார்யா கேட்டதற்காக. இன்னும் அனுப்பவில்லை. மஹ்பூபாவின் தோளில் கைபோட்டு வரலட்சுமி பல் தெரியச் சிரிக்கிறாள். கீழே, மார்யாவுக்குப் புரிவதற்காக, வரலட்சுமி தன் கையாலேயே எழுதிய இருவர் பேரும்.

டப்பாவைப் போலீஸ் எடுக்குமுன் மஹ்பூபா இதை மட்டும் உருவி ஒளித்திருக்கிறாள். ஸ்டேஷனில் இதை நீட்டியிருந்தால், வரலட்சுமி என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அங்கே நின்றிருக்கிறாள். காட்டவில்லை. காட்டினால் போலீஸ் நேராகக் குவார்ட்டர்ஸுக்கு வரும், அக்கா வீட்டுக்காரருக்கு வேலை போய்விடும். அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறாள்.

கலியமூர்த்தி எழுந்து வருகிற சத்தம் கேட்டது.

வரலட்சுமி வலது காலை எடுத்துப் போட்டோவின் மேல் வைத்தாள்.

அவர் வாசல் வரை வந்து, தெருவில் போகிறவளைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். உள்ளே போனார்.

அவள் காலைத் தூக்கியபோது போட்டோ உள்ளங்கால் வேர்வையில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.