மதிலிடம் பேசியவன்

அவர்கள் தெருவில் மாப்பிள்ளை குதிரையில்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். போன வருடம் அப்படிப் போகும்போது விழுந்த ஜபருல்லாவின் அண்ணனை இன்னமும் 'குதிரை தள்ளுன மாப்ளே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்யாணம் நெருங்கியும் குதிரைப் பக்கமே போகாத ஜபருல்லாவுக்கு அக்காள் கணவர் ஹாஜா ஒரு வழி சொன்னார்.

"கொல்லை மதில்ல ஏறி உக்காந்து பழகு மாப்ளே. அதே உயரந்தான்."

புதிதாக வெள்ளையடித்த மதில். விடியற்காலையில் அதன்மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு, இருபுறமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான். நான்காம் நாள் அதனிடம் பேசத் தொடங்கினான்.

"மெதுவாப் போ. வேடிக்கை பாக்காதே."

ஏழாம் நாள் மதில் மூச்சுவிட்டது போலிருந்தது. அவன் அதைத் தட்டிக்கொடுத்தான்.

கல்யாணத்தன்று மாலை வாசலில் வெள்ளைக் குதிரை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஏறினான். தொடைக்கடியில் பழகிய குளிர்ச்சி. வேட்டுச் சத்தத்துக்குக் கூட்டமே ஒதுங்கியது, குதிரை மிரளவில்லை. "மெதுவாப் போ" என்றான். போனது.

பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது புதுக் கால்சட்டையெல்லாம் சுண்ணாம்பு. அதைத் தட்டிக்கொண்டிருக்கையில், அங்கே காத்திருந்த ஹாஜா வியர்த்து ஓடிவந்தார்.

"குதிரைக்காரன் இப்பத்தான் போன் பண்ணான். குதிரைய ஏத்திட்டு வந்த வண்டி வழியிலயே நின்னுடுச்சாம். நீ எதுல வந்தே மாப்ளே?"

ஜபருல்லா திரும்பிப் பார்த்தான். குதிரை தானாக அவன் வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. அதன் முதுகில், மடித்தது மடித்தபடி, அவனுடைய பழைய போர்வை.