முன் அனுபவம்

"உரிமம் இல்லாம பிரசவம் பார்த்தா ஜெயில். தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதனாலதான் உரிமம் கேட்டு நடையா நடக்கிறேன்."

"கொடுத்துடலாம்மா. ஆனா பிரசவம் பார்த்த முன் அனுபவம் வேணுமே?"

"உரிமம் இல்லாம எப்படி சார் பார்க்கிறது?"

"பார்க்கவே கூடாது!"

மருத்துவச்சிகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எதிரே நின்றவள் பயிற்சியில் முதலாவதாகத் தேறியவள். இருந்தால் என்ன? அவர் இந்த நாற்காலிக்கு வந்ததிலிருந்து ஒருத்திக்கும் உரிமம் தந்ததில்லை. தந்தால்தானே தப்பு நடக்கும், தப்பு நடந்தால்தானே மேலிடம் கேள்வி கேட்கும்? மனிதர் பிழைக்கத் தெரிந்தவர்.

"தண்ணியில இறங்கக் கூடாது, நீச்சல் மட்டும் தெரிஞ்சிருக்கணும்னா எப்படி சார்? இந்த வேலையை நம்பித்தான் என் குடும்பமே இருக்கு."

"சட்டத்தை நானாம்மா எழுதினேன்? அடுத்த மாசம் வந்து பாரு."

"ஐயோ... அம்மா!"

வராந்தா பெஞ்சிலிருந்து வந்தது அலறல். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி துடித்தாள். அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. 'உரிம அலுவலகத்திலேயே பிரசவம்' என்று பேப்பர்காரன் கொட்டை எழுத்தில் போட்டால் தீர்ந்தது கதை.

"மரம் மாதிரி நிக்கிறியே, போய்ப் பாரும்மா!"

"தொட்டா ஜெயிலாச்சே சார்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்..."

அவள் வராந்தாவை எட்டிப் பார்த்தாள். "அது வர்றதுக்குள்ள குழந்தை வந்துடும் போலிருக்கே!"

அலறல் உச்சத்துக்குப் போனது. 'முன் அனுபவம் உண்டு' என்று அவரே எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"இந்தா, பிடி! முதல்ல அவளை இங்கிருந்து கூட்டிட்டுப் போ!"

"ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிடறேன் சார். வழியில பிறந்தாலும் கவலையில்ல, இப்பதான் உரிமம் இருக்கே."

ஆட்டோ கிளம்பிய பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. 'இன்னிக்கு ரெண்டு உயிரைக் காப்பாத்தினேன்' என்று வீட்டில் மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்தவர் திகைத்தார். மேஜைக்கு முன்னால் நேற்று வலியில் துடித்தவள் நின்றிருந்தாள்.

"என்னம்மா, அதுக்குள்ள எழுந்து வந்துட்டே? என்ன குழந்தை?"

ஒட்டிய வயிற்றுக்கு மேல் சேலையைச் சரிசெய்துகொண்டு, மருத்துவச்சி உரிமத்துக்கான விண்ணப்பத்தை அவள் பணிவாக நீட்டினாள். வராந்தா பெஞ்சில் வேறொரு நிறைமாத வயிறு மெல்ல முனக ஆரம்பித்தது.