முகம் பார்க்கிற பிள்ளைகள்

மேசைக்குப் பின்னால் அவள். ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தின் கண்காணிப்பாளர். பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அம்மா.

அவளுக்கு வலப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே, மாவட்ட அலுவலகத்து அதிகாரி.

கதவோரம் இரும்பு நாற்காலியில் நாகஜோதியின் பெரியப்பா. மடியில் துணிக்கடைப் பை.

சுவரோரப் பெஞ்சில் நாகஜோதி.

"பெஞ்சு வேண்டாம்மா. இன்னையோட உனக்குப் பதினெட்டு. இப்படி நாற்காலியில வந்து உக்காரு," என்றார் அதிகாரி.

நாகஜோதி அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் தலையசைத்த பிறகுதான் எழுந்தாள்.

இந்த இல்லத்துப் பிள்ளைகள் அப்படித்தான். வெளியாள் யார் என்ன கேட்டாலும் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறதா? முகம். வீட்டு நினைப்பு வருகிறதா? முகம். அங்கே என்ன கிடைக்கிறதோ அதைத்தான் வாய் திறந்து சொல்வார்கள்.

அவள் சொல்லிக் கொடுத்ததில்லை. தடுத்ததும் இல்லை.

இன்றைக்குக் கேள்வி ஒன்றுதான். திருச்சியில் விடுதியா, பெரியப்பா வீடா.

விடுதி என்றால் நர்சிங் சேரலாம்.

பெரியப்பா வீடு என்றால், வீடு.

"சொந்தம் நாங்க குத்துக்கல்லாட்டம் இருக்கையில விடுதி என்னத்துக்கு சார்?" என்றார் பெரியப்பா. "நம்ம சாப்பாட்டுக் கடையிலயே இருந்துக்கட்டும். மாவாட்டிக்கிட்டு இருந்த பொம்பளையும் நின்னுருச்சு."

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பையை இடம் மாற்றி வைத்தார்.

"ஒன்பது வருசமா இங்க வர்ற வழி தெரியலையாக்கும்?" அதிகாரி சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"தெரியாம என்ன சார். வந்துட்டுப் போனா புள்ள ஏங்கிப் போயிரும்னுதான்."

பிறகு நாகஜோதியை உற்றுப் பார்த்தார்.

"அப்படியே எந்தம்பி மூக்கு."

நாகஜோதியின் கை மூக்குக்குப் போனது. அங்கேயே நின்றது.

மேசைக்குப் பின்னாலிருந்து அவள் அதைப் பார்த்தாள். சோறு, துணி, தலைக்கு எண்ணெய், பரீட்சைக்குப் பேனா, காய்ச்சலுக்குக் கஞ்சி எல்லாம் கொடுத்தாயிற்று. நீ இன்னார் சாடை என்று சொல்ல மட்டும் அவளிடம் எதுவும் இருந்ததில்லை.

அவளுக்கு வலித்திருக்க வேண்டியது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்திருக்குமே, அப்படி இருந்தது.

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் அதிகாரி.

நாகஜோதி அவள் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு புருவம் போதும். கண்ணை லேசாக மூடித் திறந்தால் போதும். நாகஜோதி விடுதி என்று சொல்லிவிடுவாள்.

முன்பு இங்கிருந்து போன ஒருத்தி, விடுதி வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டு போன் செய்தாள். உள்ளே போகலாமாம்மா? கதவு திறந்துதான் இருந்ததாம். யாரும் வரச் சொல்லவில்லையாம். நெடுநேரம் நின்றிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் போனிலேயே சொன்னாள், போ என்று.

இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே கொடியில் பாவாடைகள் காய்ந்தன. எல்லாம் ஒரே நீலம். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாகஜோதியின் கண்கள் பிடரியில் நிற்பது தெரிந்தது. திரும்பவில்லை.



மின்விசிறி சுற்றியது.

"சரி, வாயால சொல்ல வேண்டாம். எழுதிக் குடு," என்றார் அதிகாரி. "ஒட்டியே குடு. நாளைக்குக் குழந்தைகள் நலக் குழுவுலதான் பிரிப்பாங்க. அதுவரைக்கும் நான்கூடப் பார்க்க மாட்டேன்."

தாளில் பேனா ஓடும் சத்தம். நின்றது. வெகுநேரம் நின்றது.

மறுபடி ஓடியது.

பிறகு அவள் தோளருகே நாகஜோதி. எழுதிய தாள், திறந்த உறை, இரண்டையும் நீட்டியபடி.

இந்த இல்லத்திலிருந்து எந்தப் பிள்ளையின் கடிதம் போனாலும் அவள் படித்து, அவள் ஒட்டித்தான் போகும். பொங்கல் வாழ்த்து ஆனாலும் சரி. நாகஜோதிக்கு வேறு விதமாகக் கடிதம் போகும் என்பதே தெரியாது.

தாள் மடிக்கப்படக்கூட இல்லை. குனிந்தால் தெரிந்துவிடும்.

அவள் கை தானாக எழுந்தது. அதைத் திரும்ப மேசைமேல் வைத்தாள். கண்ணைக் கொடியிலேயே விட்டிருந்தாள்.

"நீயே ஒட்டும்மா."

நாகஜோதி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தாளை மடித்தாள். கோந்துப் புட்டியை எடுத்தாள். பரோட்டாவுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி அள்ளித் தடவினாள். உறை ஊறிச் சுருங்கியது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். காய்கிற வரைக்கும் எடுக்கவில்லை.

"என்னம்மா எழுதின?" என்றார் பெரியப்பா. குரலில் ஒரு சின்னப் பயம் இருந்தது.

நாகஜோதி நேராக அவரைப் பார்த்தாள்.

"பஸ் போயிரும், நீங்க கிளம்புங்க பெரியப்பா. அப்பா போட்டோ ஏதாவது கிடந்தா, தபால்ல அனுப்புங்க."

பெரியப்பா பையின் வாயைச் சுருட்டினார். விரித்தார். திரும்பச் சுருட்டினார்.

அதிகாரி எழுந்தார். உறையைத் தன் தோள்பையில் வைத்து இழுத்து மூடினார். வாசலில் ஜீப் உறுமியது. புழுதி கிளம்பி அடங்கியது.

கேட் திறந்தே கிடந்தது. சாத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.