வாசலோடு நின்ற ஷூ

மலைக்கோயில் சுற்றுலாவுக்குப் புறப்பட்ட வெள்ளை ஷூவுக்கு வழியெல்லாம் கொண்டாட்டம். மலைப்பாதை வளைவில் பள்ளத்தாக்கைப் பார்த்து "அடேயப்பா!" என்றது. காலடியில் மேகம் மிதந்தபோது எட்டி எட்டிப் பார்த்தது. ஆனால் கோபுர வாசல் வந்ததும் எசமானர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வழிகாட்டியின் பின்னால் உள்ளே போய்விட்டார்.

"இவ்வளவு தூரம் சுமந்து வந்த எனக்கு இதுதானா மரியாதை?" என்று பொருமியது ஷூ.

பக்கத்தில் வழிகாட்டியின் டயர் செருப்பு கிடந்தது. "கோவிச்சுக்காதீங்க, உள்ளே இருக்கிறதை நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தது. யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்து, தட்டினால் பாடும் தூண், ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி என்று அது சொல்லச் சொல்ல, ஷூ வாய் பிளந்து கேட்டது.

"நீங்க எத்தனை தடவை பார்த்திருக்கீங்க?"

"ஒரு தடவைகூட இல்லைங்க. நம்மளை யாரு உள்ளே விடுவாங்க? எங்க ஐயா தினமும் இந்த வாசல்ல நின்னு சொல்றதைக் கேட்டதுதான். தினமும் பார்க்கிறவரு, ஆனா இன்னைக்குத்தான் முதல் தடவை பார்த்த மாதிரி முகம் மலர்ந்து திரும்பி வருவாரு."

சற்று நேரத்தில் எசமானரின் பாதம் ஷூவுக்குள் நுழைந்தது. கருங்கல்லின் குளிர்ச்சி அதில் அப்படியே இருந்தது. ஷூவுக்குச் சிலிர்த்தது. இறங்கும் வழியில் மேகத்தைக்கூட அது திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாத்ரூம் செருப்பைக் கூப்பிட்டு உட்காரவைத்து, யாளியில் ஆரம்பித்தது.

"நிஜமாவே பார்த்தியா?" என்று கேட்டது பாத்ரூம் செருப்பு.

"ஒரு தடவைதான் பார்த்தேன்" என்றது ஷூ. "கண்ணுலயே நிக்குது."