ஏழரை ரயிலும் ஒரு முழுப் பாதாமும்

"பொய் சொல்றதுக்குன்னே வருஷத்துல ஒரு நாளை ஒதுக்கி வெச்சிருக்கிற நாடு உலகத்துலயே நம்ம டென்மார்க்தான்" என்று அறிவித்தான் மால்தே.

பல்கலைக்கழகத்தில் தத்துவம் சேர்ந்து நான்கு மாதம். அதற்குள் மனித குலத்தின் பாதித் தவறுகளைக் கண்டுபிடித்துவிட்டான். மீதிப் பாதி இந்தச் சாப்பாட்டு மேஜையில் இருப்பதாக அவன் எண்ணம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. வாத்து வறுவல் தீர்ந்து, குளிர்ந்த பால்சோறு பெரிய பாத்திரத்தில் வந்திருந்தது. அப்பா தோர்பனின் கைப்பக்குவம். சோறு முழுக்க நறுக்கிய பாதாம். அதற்குள் எங்கோ ஒரே ஒரு முழுப் பாதாம். அது யார் வாயில் அகப்படுகிறதோ, அவர் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்பாவியாக முழிக்க வேண்டும். மற்றவர்கள் தேடித் தேடித் தின்ன வேண்டும். பாதாம் வெளியே வரும்வரை யாரும் மேஜையை விட்டு எழக் கூடாது. ஜெயித்தவருக்கு ஒரு மிட்டாய்ப் பன்றி.

"எனக்குக் கிடைச்சா ஒளிக்க மாட்டேன். மேஜை மேல துப்பிட்டுக் கிளம்பிட்டே இருப்பேன். ஏழரையை விட்டா ஓடென்ஸுக்கு இன்னைக்கு வேற ரயில் இல்ல. லீவா காத்துட்டு இருப்பா."

லீவா அவன் காதலி. அவள் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிக் கைகோத்து ஆட வருவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

"போயேன், யார் பிடிச்சு வெச்சா? பாதாம் வந்ததும் போ" என்றார் அப்பா.

"கரண்டியை வேகமாப் போடு, தத்துவம்" என்றார் தாத்தா ஏகோன். "இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா பாதாம் எந்த வழியா உள்ள போகும்?"

முதல் சுற்றில் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. அம்மா டோர்த்தேவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மாமா, உங்க கன்னம் என்ன உப்பியிருக்கு?"

"அது பல் செட்டும்மா. கழட்டிக் காட்டட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!"

மூன்றாவது சுற்றில் தாத்தா மேஜையைத் தட்டினார். "இந்தக் குடும்பத்துல ஒரு திருடன் இருக்கான்! தோர்பன், வாயைத் திற!"

"வாயைத் திறக்கச் சொல்ல விதியில இடமில்லப்பா."

மால்தே கடிகாரத்தைப் பார்த்தான். "நான் இப்பவே எழுந்து போகலாம். எந்தத் தர்க்கமும் என்னைத் தடுக்காது" என்றான், உட்கார்ந்தபடியே. பிறகு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

"யார்கிட்ட இருக்கோ காட்டித் தொலைங்க" என்று அம்மா முனகினாள். "இந்த கவுன் இனிமே தாங்காது. நான் மாடிக்குப் போய் வேற மாத்திட்டு வரேன். மால்தே, செர்ரி சாஸ் தீர்ந்துடுச்சு, அடுப்புல இருக்கு, எடுத்துட்டு வா."

"உடை மாத்தலாம், சாஸ் எடுக்கலாம்" என்று தாத்தா தீர்ப்பளித்தார். "வேற எதுக்கும் எவனும் எழக் கூடாது."

சமையலறையில் சாஸ் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பை கவிழ்ந்திருந்தது. வழியில் இருக்கிறதே என்று மால்தே அதை நகர்த்தினான். அடியில், தோலுரித்த முழுப் பாதாம் ஒன்று. ஒரு பருக்கைகூட ஒட்டாமல், காய்ந்து கிடந்தது.

ஆக, பாத்திரத்தில் பாதாமே இல்லை! அப்பா போட மறந்திருக்கிறார். மணி ஏழே கால். ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷ நடை. இதை மேஜைமேல் அடித்து வைத்துவிட்டு, ஒரு சிறு உரையாற்றிவிட்டுப் போனால்கூட ரயிலைப் பிடித்துவிடலாம். கதவில் கை வைத்தான். சாப்பாட்டு அறையில் கிசுகிசுப்பு கேட்டது.

"பையன் ரொம்பத் துடிக்கிறான்பா. கொண்டுவந்து காட்டிடட்டுமா?"

"பேசாம சாப்பிடு, தோர்பன். நீயும் பத்தொன்பது வயசுல இதே நாற்காலியிலதான் ரயில் ரயில்னு குதிச்ச. அன்னைக்கு விடிய விடிய என்கூடச் சீட்டாடினியே, ஞாபகமிருக்கா?"

"அன்னைக்குப் பாதாம் கிடைக்கவே..." அப்பாவின் குரல் நின்றது. "அப்பா! நீங்களும் போடலையா?"

"எங்கப்பா மட்டும் எனக்குப் போட்டாரா என்ன?"

மால்தே கதவிலிருந்து கையை எடுத்தான். லீவாவுக்குச் செய்தி அனுப்பினான்: 'பாதாம் இன்னும் வரலை. காலைல வரேன்.' டென்மார்க்கில் பிறந்த பெண்ணுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அம்மா தளர்வான கவுனில் இறங்கி வந்தபோது, அவன் சாஸோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

"எனக்கும் வரலை" என்றான், யாரும் கேட்காமலே, பாதாமை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.